‘மதிப்பிடப்படுகிறது’ – மதிப்பிட்டவர் யார்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். கட்டிங் மேசைக்கு அருகே துணி ரோல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. “மாஸ்டர், இது எவ்வளவு தேறும்?” என்று முதலாளி கேட்கிறார். கட்டிங் மாஸ்டர் ரோல்களை ஒரு பார்வை பார்க்கிறார். ஒன்றைத் தூக்கிப் பார்க்கிறார். “நூத்தம்பது கிலோ தேறுமுங்க” என்கிறார்.

சிறிது நேரத்தில் மாடியிலுள்ள அலுவலகத்தில் ஓர் ஆங்கிலக் கடிதம் தயாராகிறது. அதில் இதே செய்தி வேறு உருவம் பெறுகிறது: ‘தி ஸ்டாக் இஸ் எஸ்டிமேட்டட் அட் 150 கிலோ.’ அதாவது, ‘இருப்பு 150 கிலோ என மதிப்பிடப்படுகிறது.’

எண் ஒன்றுதான். ஆனால் கீழே மாஸ்டர் இருந்தார். அவர் தூக்கிப் பார்த்ததை நாமும் பார்த்தோம். மேலே போனதும் மாஸ்டரைக் காணோம்! அவர் எங்கே போனார்? தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

எழுவாய் மறையும் விதம்

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்திருப்பீர்கள். ‘மாஸ்டர் இருப்பை மதிப்பிட்டார்’ என்பது செய்வினை. ‘மாஸ்டரால் இருப்பு மதிப்பிடப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. இதில் ‘மாஸ்டரால்’ என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. ‘பை’ என்ற சொல்லோடு வரும் பகுதியை நீக்கிவிட்டால், செய்தவர் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும்.

ஆங்கில வாக்கியத்துக்குப் பொதுவாக எழுவாய் கட்டாயம் தேவை. மதிப்பிட்டவரைச் சொல்ல விருப்பமில்லை, அல்லது அவர் யாரென்றே தெரியவில்லை என்றால் என்ன செய்வது? மதிப்பிடப்பட்ட பொருளையே எழுவாய் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளும் அறிக்கைகளும் அளவுகளைச் சொல்லும்போது இந்த அமைப்பை அடிக்கடி நாடுவதற்கு இது ஒரு காரணம்.

தமிழில் நாம் பேசும்போது இவ்வளவு சுற்றுவதில்லை. ‘பத்துக் கிலோ இருக்கும்’, ‘ஐம்பது கிலோ தேறும்’ என்கிறோம். ‘இருக்கும்’ என்பது எதிர்கால வினை. ஆனால் இங்கே அது நாளை நடப்பதைச் சொல்லவில்லை, இன்றைய ஊகத்தைச் சொல்கிறது. ‘பத்துப் பதினைந்து பேர்’ என்று இரண்டு எண்களை அடுக்கியும் ஊகத்தைக் காட்டுகிறோம். பிறர் சொல்லக் கேட்டது என்றால் ‘ஆம்’ என்ற சிறு ஒட்டுப் போதும்: ‘நூறு பேர் வந்தார்களாம்.’ இதையே ஆங்கிலத்தில் சொல்ல, ‘வந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்பது போன்ற நீண்ட தொடர் வேண்டியிருக்கிறது. இன்று நம் செய்தித்தாள்களில் காணும் ‘எனக் கூறப்படுகிறது’, ‘என மதிப்பிடப்படுகிறது’ ஆகியவை அந்த ஆங்கில அமைப்பின் தமிழ்ச் சாயல்களே.

ஐந்து படிகள்

இந்தத் தொடர்கள் எல்லாம் ஒரே பொருள் தருவன அல்ல. உயரத்திலிருந்து கீழே இறங்கும் படிகளைப் போல இவற்றை வரிசைப்படுத்தலாம்.

கணக்கிடப்பட்டது – தெரிந்த அளவுகளிலிருந்து கணக்குப் போட்டுப் பெற்றது.
மதிப்பிடப்பட்டது – ஒரு பகுதியை அளந்து, முழுமைக்கு ஊகித்தது.
கருதப்படுகிறது – அளவு இல்லை, அறிந்தவர்களின் எண்ணம்.
நம்பப்படுகிறது – சான்று குறைவு.
சொல்லப்படுகிறது – காதில் விழுந்த செய்தி.

படி இறங்க இறங்கச் சான்று குறைகிறது. ஆனால் ஐந்திலும் ஆள் இல்லை! ஆகவே படிப்பவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஐந்நூறு சட்டைகள் எங்கே?

ஆள் மறைவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறீர்களா? மீண்டும் பனியன் கம்பெனிக்கே போவோம். 10,000 டி-சர்ட்டுகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

சட்டையின் நீளம் 70 செ.மீ., கை நீளம் 20, மடிப்புக்கும் தையலுக்கும் 10. கூட்டினால் 100 செ.மீ. மார்பகலம் 50, தையலுக்கு 4. ஆக 54 செ.மீ. முன்புறம், பின்புறம் என இரண்டு. 100 × 54 × 2 = 10,800 சதுர செ.மீ. அதாவது 1.08 சதுர மீட்டர்.

அடுத்து துணியின் கனம் தெரிய வேண்டும். இதை ‘ஜி.எஸ்.எம்.’ என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. இதை அளக்க வட்டமாக வெட்டும் ஒரு கருவி உண்டு. அது வெட்டித் தரும் வட்டத்தின் பரப்பு சரியாக 100 சதுர செ.மீ. அதன் எடையை 100 ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். வட்டம் 1.80 கிராம் இருந்தால் துணி 180 ஜி.எஸ்.எம்.

1.08 × 180 = 194.4 கிராம். வெட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 214 கிராம். பத்தாயிரம் சட்டைக்கு 2,140 கிலோ. ‘துணித் தேவை 2,140 கிலோ என மதிப்பிடப்பட்டது’ என்று கோப்பில் எழுதியாகிவிட்டது.

ஆனால் அந்த வட்டம் ஒரே ஓர் இடத்தில், துணி முழுமையாகச் சுருங்குவதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தால்? சுருங்கி இறுகிய துணியில் அதே வட்டம் 1.90 கிராம் ஆகலாம். அப்போது ஒரு சட்டைக்கு ஏறக்குறைய 226 கிராம் வேண்டும். வாங்கிய துணியில் ஐந்நூறு சட்டைகளுக்கு மேல் குறைந்து போகும்! தராசில் தெரிந்த வேறுபாடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே.

இப்போது குற்றம் யார்மீது விழும்? துணியைக் கடைசியாகத் தொட்ட கட்டிங் மாஸ்டர் மீதுதான். “நீங்கதான் துணியை வீணடிச்சிருப்பீங்க” என்பார்கள். ‘மதிப்பிடப்பட்டது’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பவரை யாரும் கேட்கமாட்டார்கள். ‘மூன்று ரோல்களில் ஐந்து இடங்களில், சுருங்கிய பிறகு நான் அளந்தேன், ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

சணல் வயலில் இரண்டு குழுக்கள்

மதிப்பீட்டைப் பொறுப்பான அறிவியலாக்கியவர்களில் ஒருவர் நம் நாட்டின் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1931 இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் இவர். 1937 இல் வங்காளத்தில் சணல் எவ்வளவு நிலத்தில் பயிராகிறது என்று அறியும் ஆய்வைத் தொடங்கினார். எல்லா வயல்களையும் அளக்க இயலாது. எனவே குலுக்கல் முறையில் சில இடங்களைத் தேர்ந்து அளந்தார்கள்.

அவர் கையாண்ட ஓர் உத்தி மிகவும் எளியது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார். இரு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால், அந்த விலகலே பிழையின் அளவைக் காட்டிவிடும். ‘யார் மதிப்பிட்டது?’ என்ற கேள்வியை அவர் மறைக்கவில்லை; அதையே கருவியாக்கினார்! அவர் பிறந்த ஜூன் 29 ஆம் நாளை 2007 முதல் நாட்டின் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

நொய்யல் கற்பிக்கும் பாடம்

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டது நீங்கள் அறிந்ததே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஒரு பட்டறையின் கழிவுநீரை இரண்டு வழிகளில் மதிப்பிடலாம். வெளியேறும் குழாயில் மீட்டர் வைத்து அளக்கலாம். அல்லது சாயமிட்ட துணியின் எடையை, ஒரு கிலோவுக்கு ஆகும் தண்ணீரால் பெருக்கலாம். இரண்டும் ஒரே விடையைத் தரவேண்டும் என்பதில்லை. எந்த வழி என்று சொல்லாமல் ‘மதிப்பிடப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதினால், கீழே வயல் வைத்திருக்கும் விவசாயி எதை நம்புவார்?

செயப்பாட்டுவினை மீது நமக்குப் பகை வேண்டாம். பலர் சேர்ந்து செய்த மதிப்பீட்டில் எல்லார் பெயரையும் அடுக்க முடியாது. அளவுதான் முக்கியம் என்னும் இடங்களும் உண்டு. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு ஊகச் சொற்களுக்கே எண் கொடுத்திருக்கிறது: ‘லைக்லி’ என்றால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு, ‘வெரி லைக்லி’ என்றால் குறைந்தது 90 சதவீதம். சொல் ஊகமானாலும் அதன் எல்லை தெளிவாக இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு டம்ளரில் பச்சைப்பயறு நிரப்புங்கள். நண்பர்கள் இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு சிறு கரண்டிப் பயறை எண்ணி, டம்ளரில் எத்தனை கரண்டி பிடிக்கும் என்று அளந்து பெருக்கட்டும். ஒரு குழுவின் விடை மற்றதற்குத் தெரியக் கூடாது. பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடையை எழுதும்போது மட்டும் ‘மதிப்பிடப்பட்டது’ என்று எழுதாதீர்கள். ‘நாங்கள் மதிப்பிட்டோம், இப்படி அளந்தோம், இவ்வளவு பிழை இருக்கலாம்’ என்று எழுதுங்கள். அடுத்த முறை செய்தித்தாளில் அந்தச் சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார்? எப்படி? எவ்வளவு கூடக் குறைய?