‘வேண்டும்’ ஒன்று, ஆங்கிலத்தில் பல

அந்தமானில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். மூன்றும் சரளமாக வந்தாலும் ஓரிடத்தில் இடறுகிறார்கள். அந்த இடம் ‘வேண்டும்’.

“மாத்திரை சாப்பிடணும்”, “பெரியவங்களை மதிக்கணும்”, “சிடியா டாப்புவுல சூரியன் மறையறதைப் பாக்கணும்” எனக் கட்டாயம், கடமை, ஆசை மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘ணும்’ போதும். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கு பொருளிலும் வியங்கோள் வரும் என்பது நம் இலக்கணம். விதிப்பதா வேண்டுவதா என்பதைக் குரலும் உறவும் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ அந்த வேலையைப் பெரும்பாலும் துணைவினைகளே செய்கின்றன.

‘மஸ்ட்’ என்றால் சொல்பவரே வற்புறுத்தும் கட்டாயம். ‘ஹேவ் டு’ வெளியிலிருந்து வரும் கட்டாயம். கப்பல் ஏற அடையாள அட்டை காட்டியாக வேண்டும் என்பதுபோல. ‘ஷுட்’ அறிவுரை. ‘ஆட் டு’ என்பதில் அறிவுரையோடு நியாயமும் சேரும். ‘ஷல்’ சட்டத்தின் குரல். 1976-இல் 42-ஆவது திருத்தம் நம் அரசியலமைப்பில் சேர்த்த அடிப்படைக் கடமைகள் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகின்றன.

பிள்ளைக்குப் புரியவைக்க இந்தியே கைகொடுக்கும். ‘கர்னா சாஹியே’ ஏறக்குறைய ‘ஷுட்’. ‘கர்னா படேகா’ என்றால் ‘ஹேவ் டு’.

“நீங்க லீவு தரணும் சார்” என்பது தமிழில் பணிவு. அதையே ‘யூ மஸ்ட் கிவ் மீ லீவ்’ என்று எழுதினால் ஆசிரியரை அதட்டியதாகிவிடும். கேட்கும் இடத்தில் ‘மே ஐ’, ‘குட் யூ ப்ளீஸ்’ என்றே தொடங்க வேண்டும்.

எதிர்மறையில் இன்னும் கவனம் தேவை. ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடவே கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் அவசியமில்லை, விருப்பம்போல் செய்யலாம். நம் ‘வேண்டாம்’ இரண்டையும் குறிக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை ‘மஸ்ட் நாட்’ என்று டாக்டர் சொன்னதைப் பேரன், “வெறும் வயித்துல வேண்டாம் பாட்டி” என்று சொல்லிவிட்டால், ‘அவசியமில்லை போல’ என்று பாட்டி சாப்பிட்டுவிடக்கூடும். “சாப்பிடவே கூடாது பாட்டி” என்பதே சரியான தமிழ்.

எனவே பிள்ளைகள் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது பெற்றோர் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: “இதை யார் யாருக்குச் சொல்றாங்க? கேக்கலைன்னா என்ன ஆகும்?” விடை தெரிந்தால் துணைவினை தானாக வரும்.