கட்டணம் கேட்காத வார இறுதிகள்



ஜூன் மாதம் என்றால் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நான்கு வார விடுமுறை. நம் தீவுக்குக் கோடைக்காலம் என்று தனியே ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. ஆயினும் மே, ஜூன் மாதங்களில் புழுக்கம் சற்றுக் கூடுதல். விடுமுறையும் அதனோடு சேர்ந்து வருவதால் இதையே நமது கோடை என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. இந்த நான்கு வாரங்களிலும் சனிக்கிழமை விடிந்தால் போதும், “அப்பா, இன்னிக்கு எங்கே போறோம்?” என்ற கேள்வி அடுக்குமாடி வீடுகள்தோறும் எழுந்துவிடுகிறது.

கேள்வி எளிது, விடைதான் எளிதன்று. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர், தாத்தா, பாட்டி என்று ஆறு பேர் கொண்ட குடும்பம் விலங்குத் தோட்டத்திற்கோ கேளிக்கைப் பூங்காவிற்கோ போய்வர ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், பெரும்பாலும் கணக்கிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். பிறகு எல்லாரும் போகும் இடம் குளிர்சாதன வசதியுள்ள கடைத்தொகுதிதான். அங்கே நுழைவதற்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. வெளியே வரும்போது பணப்பையின் எடை குறைந்திருக்கும் என்பதும் உண்மையே!

காசு கேட்காத இடங்கள் இந்நகரில் நிறைய இருக்கின்றன. அவற்றின் பெயர்களை வரிசையாகப் படித்துக் காட்டுவதால் பயனில்லை. பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். இருந்தும் அங்கே போய்வந்த பிள்ளைகள், “அங்கே என்ன இருக்கு? மரந்தானே இருக்கு!” என்று சலித்துக்கொள்கிறார்களே, ஏன்? கட்டணம் வாங்கும் இடத்தில், வாங்கிய காசுக்கு ஏதாவது வேடிக்கை காட்டியாக வேண்டும் என்று ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். இலவச இடத்தில் அந்தக் கவலை நம்முடையது. நாம் ஒன்றும் அறியாமல் போனால் அங்கே மரந்தான் இருக்கும். ஒரே ஒரு செய்தியை அறிந்துகொண்டு போனாலும் அந்த மரம் பேசத் தொடங்கிவிடும்.

பூமலையை எடுத்துக்கொள்வோம். நம் மக்கள் நெடுங்காலமாகப் பூமலை என்றே அழைத்துவரும் தாவரவியல் தோட்டம், இப்போதுள்ள இடத்தில் 1859இல் அமைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கிறார்கள்; நள்ளிரவில்தான் மூடுகிறார்கள். உள்ளே ஆர்க்கிட் மலர்த் தோட்டத்திற்கு மட்டும் கட்டணம் உண்டு. மற்ற இடங்களுக்கெல்லாம் இல்லை.

உலக மரபுடைமை என்ற பெரிய பெயர் அதற்கு எப்படிக் கிடைத்தது? அழகிய பூக்களுக்காக மட்டும் அன்று. பால்மரத்திற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆம், நம் பாட்டன் பாட்டிமார் மலாயாத் தோட்டங்களில் நிரை நிரையாக வெட்டிய அதே ரப்பர் மரந்தான்.

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் அளவிலான விதைகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் முளைத்தவை மிகச் சிலவே. அந்தக் கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்து சேர்ந்தன. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1888இல், ஹென்றி ரிட்லி என்பவர் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அன்றைய தோட்ட முதலாளிகள் காப்பியை நம்பியிருந்தார்கள். ரிட்லியோ பால்மர விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காண்போரிடமெல்லாம் நடச்சொல்லிக் கெஞ்சினாராம். அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ரிட்லி செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்பட்டு நாளடைவில் பட்டுப்போகும். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரம் பருமனாவதற்குக் காரணமான மெல்லிய வளர்படை ஒன்று இருக்கிறது. கத்தி பால்குழாயைத் தொட வேண்டும். வளர்படையைத் தொடக் கூடாது. சரிவாக ஒரு கோடு வெட்டி, அடுத்தமுறை அதே கோட்டில் மெல்லிய சீவலாகச் சீவினால் மீண்டும் பால் வரும். வெட்டிய இடத்தில் புதுப்பட்டையும் வளர்ந்துவிடும். இந்த முறையை அவர் பூமலை மரங்களில்தான் சோதித்து வகுத்தார். பிறகு மோட்டார் வாகனங்கள் பெருகின. டயர்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. மலாயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்தார்கள். நம்மில் பல குடும்பங்கள் இந்த மண்ணில் இருப்பதற்கு அந்த 22 கன்றுகள் ஒரு காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில், ஜொகூர்த் தோட்டமொன்றில் இளமையைக் கழித்த பெரியவர் ஒருவரையும் அவருடைய பேரப்பிள்ளைகளையும் நாங்கள் பூமலைக்கு அழைத்துச் சென்றோம். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். வீட்டில் பிள்ளைகள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பிள்ளைகளுக்குத் தமிழ் சற்றுத் தயக்கம். அவருக்கோ ஆங்கிலம் வராது. ஒரு பால்மரத்தின் அடியில் போய் நின்றவர், நீண்ட நேரம் அதனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுட்டுவிரலைக் கத்தியாகப் பிடித்து, பட்டையைத் தொடாமலே, இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

“இப்படித்தான் வரணும் தம்பி. கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம். மண்டோர் பாத்தாருன்னா அவ்வளவுதான்.”

“எத்தனை மணிக்கு வேலை தாத்தா?”

“நாலு மணிக்கு எழுந்திருக்கணும். வெயில் ஏறிட்டா பால் நின்னு போகும்.”

அது ஏன் என்று பெரிய பேரன் கேட்டான். குளிர்ந்த நேரத்தில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், அதனால் பால் நன்றாக ஓடும் என்பது அறிவியல் தரும் விளக்கம். நாங்கள் அதைச் சொன்னோம். ஆனால் அவன் எங்களைப் பார்க்கவில்லை. தாத்தாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கு என்றால் பால் பிடிக்கும் கிண்ணம், மங்கிலேயே உறைந்துபோனது கட்டிப்பால் என்று ஒவ்வொரு சொல்லாக அவர் சொல்லச் சொல்ல, இளையவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பால்மரக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துச் சுடும் விளையாட்டையும் அவர் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதன் பலனை அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் அனுபவித்திருக்கக்கூடும்!

தோட்டத்தில் வேலை செய்த தலைமுறையினர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். சிங்கப்பூரிலேயே நீ சூன், செம்பவாங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன; அவை இருந்த இடங்களில் இப்போது வீடுகள் நிற்கின்றன. ஆகையால் பூமலைக்கு இந்த விடுமுறையிலேயே போய்வருவது நல்லது என்பது எங்கள் எண்ணம். சக்கர நாற்காலி தேவைப்படும் முதியோர்க்கும் அகலமான பாதைகள் உண்டு.

அங்கே இன்னொன்றும் பாருங்கள். 1999இல் வெளியிடப்பட்ட வரிசையைச் சேர்ந்த ஐந்து வெள்ளித் தாளின் பின்புறத்தில் ஒரு மரம் அச்சிடப்பட்டிருக்கிறது. தரையை ஒட்டி ஒரு கிளை நீண்டு கிடக்கும் அந்தத் தெம்புசு மரம் இந்தத் தோட்டத்தில்தான் நிற்கிறது. தோட்டம் அமைவதற்கு முன்பிருந்தே நின்ற மரம் அது. பிள்ளைகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்து மரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐந்து வெள்ளியைச் செலவழிக்காமல் பயன்படுத்தும் வழி இது ஒன்றுதான். பதினான்கு வயது வரையுள்ள சிறுவர்களுக்கென்று ஜேக்கப் பாலாஸ் சிறுவர் பூங்கா தனியே இருக்கிறது; அதற்கும் கட்டணமில்லை, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. சில வார இறுதிகளில் ஏரி நடுவிலுள்ள மேடையில் சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு இலவசமாக வாசிக்கும். பாயை விரித்து அமர்ந்து கேட்கலாம்; மேனாட்டு இசை பழக்கமில்லாதவர்கள் படுத்துக்கொண்டும் கேட்கலாம்.

பூமலைக்கு ஒருநாள் என்றால், நகர மண்டபத்துப் பக்கம் இன்னொரு நாள். பெருவிரைவு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வெள்ளை வெளேர் என்று தெரிவது புனித ஆண்ட்ரூ தேவாலயம். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள். 1856இல் அடிக்கல் நாட்டி 1861இல் வழிபாடு தொடங்கினார்கள். சுவர்களுக்குப் பூசிய சாந்து மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றை அடித்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசினார்கள். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதன்று. சுவரில் முட்டையும் சர்க்கரையும் என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வழிபாடு நடப்பதால் சனிக்கிழமை போவதே முறை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது, தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. தேக்காவில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015 முதல் இயங்குகிறது. இங்கெல்லாம் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நிலையான காட்சிக்கூடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். நம் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினருக்கோ, வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானத் துறையில் உழைக்கும் தம்பிக்கோ இந்தச் சலுகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அந்தத் தம்பிக்கு ஓய்வு. அவரையும் அழைத்துக்கொண்டு போவதானால் வாசலில் நின்று சங்கடப்படாமல், அடையாள அட்டை கேட்காத இடமாகப் பார்த்து முடிவு செய்வதே நாகரிகம்.

அத்தகைய இடங்களுக்கும் குறைவில்லை. எஸ்பிளனேட் கலையரங்கில் கடலோரத் திறந்தவெளி மேடையிலும் உட்கூடத்திலும் வார இறுதி மாலைகளில் இலவச இசை நிகழ்ச்சிகள் நடக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரை காற்றாடி விடுவதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். காற்றாடியைத் தேக்காவிலேயே வாங்கிக்கொண்டு போவது மலிவு. ஹெண்டர்சன் அலைப்பாலம் சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் வளைந்து செல்கிறது. சுங்கை பூலோச் சதுப்புநிலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஆயிரமாயிரம் வலசைப் பறவைகளைப் பார்க்கலாம் என்று நம்பி ஜூன் மாதத்தில் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அவை செப்டம்பரில் வந்து மார்ச்சில் போய்விடும். ஜூன் மாதத்தில் உடும்பும் கொக்கும் உண்டு. வாய்ப்பிருந்தால் முதலையும் உண்டு. பலகைப் பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் சரி.

இலவச உலாவைக் கெடுப்பது சாப்பாடுதான். நுழைவுக் கட்டணம் மிச்சம் என்று மகிழ்ந்த குடும்பம், பூங்காவுக்குள் இருக்கும் உணவகத்தில் ஆறு பேருக்கு அந்த மிச்சத்தைக் கொடுத்துவிட்டு வருவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை தாங்கும். தண்ணீர்ப் புட்டி ஆளுக்கு ஒன்று. சதுப்புநிலத்திலும் நீர்த்தேக்கப் பக்கங்களிலும் குரங்குகள் இருக்கும்; அவற்றின் கண்ணெதிரே நெகிழிப் பையைப் பிரிக்க வேண்டாம். ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சலுகை அட்டை எடுத்துவைத்திருந்தால் பேருந்திலும் ரயிலிலும் கட்டணமில்லை.

மழையையும் சொல்லிவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சுமத்ராப் பக்கம் திரளும் மழைக்காற்று நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலை வேளையிலோ பலத்த காற்றோடு வந்து அடிக்கும்; ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தும்விடும். இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கூரையுள்ள இடத்திற்குப் போய்விட வேண்டும். நாங்கள் பூமலைக்குப் போன அன்றும் பத்து மணிக்கு ஒரு மழை வந்தது. கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது சின்னவள் கேட்டாள், “மழை பெஞ்சா என்ன செய்வீங்க தாத்தா?” பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை, லயத்து வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் அவர். அது நல்லதுதானே, லீவுதானே என்று அவள் சொல்ல, “லீவுதாம்மா. சம்பளமும் லீவு” என்றார்.