முழங்காலின் ஜாதகம்

பெரியகுளத்தில் கோடை விடுமுறை வந்துவிட்டால் ஊரெங்கும் பந்தாட்டப் பேச்சுத்தான். ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காணத் தேனியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஜனங்கள் திரள்வார்கள். அதைக் கண்டு வளரும் சிறுவர் சிறுமியர் தத்தம் பள்ளிக்கூடங்களில் பந்தும் கையுமாக ஓடுவதில் வியப்பென்ன?

அவ்விதம் ஓடும் பெண்களில் ஒருத்தியின் தகப்பனார் ஒரு நாள் மாலை கையில் பெரியதோர் உறையுடன் என்னைத் தேடி வந்தார். அவருடைய மூத்த மகள் கல்லூரியில் விளையாடும்போது முழங்கால் ஜவ்வு அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள். இளையவளுக்கும் அந்தக் கதி நேரலாகாது என்று முன்கூட்டியே படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

“ஐயா, இவளுக்கு முட்டிக்குள்ளே இருக்கிற பள்ளம் குறுகலா இருக்காம். அக்காவுக்கு ஆனதுபோல இவளுக்கும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு. ஆட்டத்தை நிறுத்திடலாங்களா?” என்று கேட்டார்.

வைத்தியம் என் தொழிலன்று. எனினும் ஒரு பெண்ணின் ஓட்டமும் உற்சாகமும் அந்த உறைக்குள் சிறைப்பட்டிருந்தபடியால், விஷயத்தைத் தேடிப் படித்தேன். அவ்வாறு அறிந்ததை மற்றப் பெற்றோருக்கும் சொல்வது கடமையெனத் தோன்றுகிறது.

தொடை எலும்பின் அடிநுனி இரண்டு குமிழ்களாகப் பிரிந்திருக்கிறது. அவற்றின் நடுவேயுள்ள பள்ளத்தின் வழியாக, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து இரண்டு நார்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. அவற்றுள் முன்புற நாரைத்தான் நாம் பொதுவாக ‘ஜவ்வு’ என்கிறோம். கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும், முழங்கால் முறுக்கிக்கொள்ளாமலும் தடுத்து நிற்பது அதுவே. ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்பும்போதும், துள்ளிக் குதித்துத் தரையில் கால் ஊன்றும்போதும் அது அறுந்துபோகக்கூடும். பெரும்பாலும் வேறு எவரும் மோதாமலே இது நிகழ்கிறது. கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

பென்னிகுவிக் துரை கட்டிய அணையிலிருந்து பெரியாற்று நீர் நம் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பிய அதே 1895-ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் ராண்ட்கன் என்ற அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அக்கதிர் எலும்பைக் காட்டும், நாரைக் காட்டாது. நாரையே கண்ணெதிரே காட்டுவது பிற்காலத்தில் வந்த காந்தப் படமாகிய எம்.ஆர்.ஐ. இவற்றைக் கொண்டு பள்ளத்தின் அகலத்தையும், கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்புறம் சாய்ந்திருக்கும் அளவையும் கணக்கிடலாம். பள்ளம் குறுகியவர்களுக்கும் சாய்வு மிகுந்தவர்களுக்கும் ஜவ்வுக் காயம் சற்று அதிகம் என்பது மெய்தான்.

ஆனால் ‘சற்று அதிகம்’ என்பதன் பொருளை ஆராய வேண்டும். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர் 859 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து, 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பள்ளம் குறுகியிருப்பது அபாயத்தின் அறிகுறிகளில் ஒன்றென அதில் தெரிந்தது. எனினும் பிறர் மோதாமல் ஜவ்வு அறுந்தவர்கள் மொத்தம் 24 பேரே. அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஒரு பேச்சுக்காக, பள்ளம் குறுகியவர்க்கு அபாயம் இரு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் காயமின்றியே இருப்பார்கள் அல்லவா? பள்ளம் அகன்றவர்களில் சிலரோ ஜவ்வு அறுந்து படுப்பார்கள். காயம்படுவோர், படாதோர் ஆகிய இரு சாராரின் அளவுகளும் ஒன்றன்மீது ஒன்று கலந்து கிடப்பதால், இத்தகைய முன்சோதனைகள் தனி மனிதரின் விதியைச் சொல்லமாட்டா என்று நார்வே தேசத்து வைத்தியப் பேராசிரியர் ரோவால்ட் பார் 2016-இல் எடுத்துக் காட்டினார். படம் ஜாதகமன்று.

மேலும், பிறப்பிலமைந்த எலும்பை மாற்ற நம்மால் ஆகாது. மாற்றக்கூடியது ஒன்று உண்டு. அது கால் ஊன்றும் முறை. அதே நார்வேயில் கைப்பந்தாடும் இளைஞர் 1,837 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. ஆட்டத்திற்கு முன் முறையான பயிற்சி செய்த குழுக்களில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

அந்தப் பயிற்சிக்கு யந்திரம் வேண்டாம், பணமும் வேண்டாம். மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் நிலைத்து நிற்றல், தொடையின் பின்தசைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் அப்பியாசம், இவற்றுடன் குதித்து இறங்கும் பழக்கம். இறங்கும்போது முழங்கால் மடங்க வேண்டும், உட்புறமாகச் சாயலாகாது, காலடிக்கு நேராக நிற்க வேண்டும். சுமார் இருபது நிமிஷம், வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடாமல் செய்ய வேண்டும். காயமே வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் இவ்வளவு பயன் தரும் காப்பு வேறொன்றுமில்லை.

அப்படியானால் படம் வீணா? ஒருநாளும் இல்லை. ஆட்டத்தின் நடுவே முழங்காலில் ‘படக்’கென்று ஓசை கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், எண்ணெய் தடவி உருவிவிட்டுக் காலங்கடத்தாமல் எலும்பு வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவர் கைகளால் சோதித்துச் சொன்னால், அப்பொழுது எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் பெரும் உதவி. அறுந்த ஜவ்வோடு ஓடியாடினால் மூட்டினுள்ளிருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பும் கிழிந்துவிடும். சிகிச்சை பெற்றவர்களும் ஒன்பது மாதம் நிறைவதற்குள், பழைய வலு திரும்புவதற்குள், ஆடுகளம் புகுவது தகாது. முன்பு ஒருமுறை அறுந்தவர்க்கே மறுபடியும் அறுபடும் அபாயம் மிகுதி.

தகப்பனாரிடம் இவற்றைச் சொன்னேன். தமக்கைக்கு நேர்ந்திருப்பதால் இளையவள் விஷயத்தில் ஜாக்கிரதை அவசியம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஜாக்கிரதை வேறு, முடக்கம் வேறு. ஓடாத கால்கள் வலுவிழக்கும்; வலுவிழந்த கால்களுக்கு வீட்டுப் படியும் அபாயமே.

அவர் நெடுநேரம் யோசித்தார். “அக்காவுக்கு இந்தப் பயிற்சியை யாரும் சொல்லித் தரலையே, ஐயா!” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறு வாரத்திலிருந்து எங்கள் மைதானத்தில் பந்தை எடுப்பதற்கு முன் இருபது நிமிஷம் பயிற்சி நடக்கிறது. அந்தப் பெண்ணும் வரிசையில் நிற்கிறாள். பெண்மக்களை ஆடுகளத்துக்கு அனுப்புவது தேசத்துக்குப் பெருமை. கால் ஊன்றக் கற்பித்து அனுப்புவது நம் பொறுப்பு.