உங்களுக்குத் தெரியுமா? நாலாவது சீட்டும் நரைக்காத தலையும்

◆ சென்னையில் பீச் போகும் எலெக்ட்ரிக் ரயிலில் ‘சானடோரியம்’ என்பது நமக்கு ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குக் காரணமான ஆஸ்பத்திரி, 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லம். காசநோயைக் கொல்லும் மருந்து எதுவும் வந்திராத காலம் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் நடத்திய இல்லத்தில் சிகிச்சை பெற்றவர்களில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர்.

ஓய்வுக்கும் நோய் எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டு மருந்துபோல் விட்டுப் பார்த்தார்கள். வாழ்க்கையில் நெருக்கடி அதிகம் என்று முன்பே சொல்லியிருந்தவர்களுக்குத்தான் சளி அதிகம் பிடித்தது. ஐந்து வகைக் கிருமிகளில் எதை விட்டாலும் இதே கதைதான்.

◆ ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை மருத்துவத்துக்குள் பரப்பியவர் ஹான்ஸ் செலியே. எலிகளை விதவிதமாகப் படுத்திப் பார்த்து, 1936-இல் ‘நேச்சர்’ இதழுக்குச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினார். எப்படிப் படுத்தினாலும் எலியின் உடம்பில் மூன்றே மாற்றங்கள்: சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது, எதிர்ப்புச் சக்திக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. தேர்ந்தெடுத்த சொல் சரியில்லையே என்று பின்னாளில் செலியேவே வருத்தப்பட்டார்.

தமிழில் நம் பாடு அதைவிட மோசம். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் ‘மனஅழுத்தம்’, டிப்ரெஷனுக்கும் ‘மனஅழுத்தம்’. டாக்டரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் எதைச் சொல்கிறோம் என்று அவர் திருப்பிக் கேட்டாக வேண்டும். ‘டென்ஷன் சார்’ என்றால் உடனே புரிகிறது.

◆ அல்சருக்கு டென்ஷன்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் என்ற கிருமியும் சில வலி மாத்திரைகளும்தான் காரணம். அதைக் காட்டுவதற்காகக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்த ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷலுக்கு 2005-இல் நோபல் கிடைத்தது.

◆ ஆனால், ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்று சொன்ன பாட்டி தப்பாகச் சொல்லவில்லை. பதற்றம் வந்தால் இரைப்பை வேலையை மெதுவாக்கும், பெருங்குடல் வேகமாக்கும். இண்டர்வியூ அன்று காலை இட்லி உள்ளே இறங்காததும், வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாததும் இதனால்தான்.

◆ பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002-இல் வெளியிட்ட எலி ஆய்வு ஒன்று உண்டு. எலிகளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அசையவிடாமல் பிடித்துவைத்தார்கள். பத்து நாள். (பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் கார் ஓட்டிப் போகிறவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம்.)

மூளையில் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக மாறியிருந்தது. நினைவுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. பயத்துக்கு வேண்டிய அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. 2004-இல் வந்த அடுத்த ஆய்வில், இப்படிப் பிடித்துவைத்த எலிகளை மூன்று வாரம் சும்மா விட்டார்கள். சுருங்கியது திரும்ப வளர்ந்துவிட்டது. வளர்ந்தது மட்டும் அப்படியே நின்றது. லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தபின் மறதி குறைந்தும் படபடப்பு குறையாதவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள் ஞாபகம் வரும். எலிக்குப் பொருந்துவது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாதுதான்.

◆ நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் எச்சிலை எடுத்து, டென்ஷனில் ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்து பார்த்தார்கள் இவான்ஸ், வெனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். பயணம் நீள நீள ஹார்மோன் ஏறியது. 2007-இல் வந்த அடுத்த ஆய்வுதான் சுவாரசியம். பெட்டியில் மொத்தம் எத்தனை பேர் என்பது பெரிய விஷயமாக இல்லை. தன் வரிசையில், தன்னை ஒட்டி எத்தனை பேர் என்பதுதான் உடம்பில் தெரிந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ‘கொஞ்சம் தள்ளிக்குங்க சார்’ என்று குரோம்பேட்டையில் ஏறி நாலாவதாக உட்காருகிறவருக்கும், தள்ளிக்கொடுத்தவருக்கும் இது ஆய்வில்லாமலே தெரியும்.

◆ பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் குடியிருப்பவர்கள் ‘விமானச் சத்தம் பழகிடுச்சு’ என்பார்கள். ஐரோப்பாவில் நான்கு விமான நிலையங்களின் அருகில் வசிக்கும் 140 பேருக்கு ராத்திரி முழுக்க ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. விமானம் கடந்தபோது மேல் அளவு ஆறு புள்ளி அளவுக்கு ஏறியது, ஆள் விழிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தபோதும். காதுக்குப் பழகியது ரத்தக் குழாய்க்குப் பழகவில்லை.

◆ சாப்பிடாமலே சர்க்கரை ஏறுமா? ஏறும். ‘ஓட வேண்டியிருக்கும்’ என்று கார்டிசால் சொன்னால் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். நாம் ஓடுவதில்லை, சிக்னலில் நிற்கிறோம்.

◆ 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் நின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அந்தத் தெருக்களில் வருவது வேறு வகை டென்ஷன். வானிலை அறிக்கையில் ‘ஆரஞ்சு’ என்ற சொல் வந்தாலே ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல், பத்திரங்கள் மாடிக்கு. வேளச்சேரியில் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள். மழை வருவதற்குள்ளேயே உடம்பு மழையில் நனைந்துவிடுகிறது. நடக்காத ஒன்றை நினைத்தே கார்டிசாலை ஏற்றிக்கொள்ள மனித மூளையால் முடியும். பல நாள் மழை வராமலே போய்விடும், ஏறியது ஏறியதுதான்.

◆ ‘ஆபீசருக்குத்தான் டென்ஷன், பியூனுக்கு என்ன?’ லண்டன் அரசு அலுவலகங்களில் 1967-இல் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண் ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. மாரடைப்பு மரணம் கடைநிலை ஊழியர்களிடம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கு மேல். சிகரெட், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வித்தியாசம் முழுக்கப் போகவில்லை. தன் வேலை தன் கையில் இல்லாததும் ஒரு காரணம் என்று அடுத்த கட்ட ஆய்வு சொன்னது.

◆ கவலையால் தலை நரைக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. 2020-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், பதற்றத்தில் வேலை செய்யும் நரம்புகள் முடிக்கு நிறம் தரும் மூல அணுக்களைத் தீர்த்துவிடுவதை எலிகளிடம் காட்டினார்கள்.

புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையாரிடம் இந்தக் கேள்வி எப்போதோ வந்துவிட்டது: இத்தனை வயதாகியும் உமக்கு நரையில்லையே, எப்படி? அவர் சொன்ன காரணங்கள்: நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், சொன்னதைப் புரிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர் பலர். யோகா, மூச்சுப் பயிற்சி எதுவும் பட்டியலில் இல்லை. ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று அட்வைஸ் செய்கிறவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை படிக்கலாம்.

◆ மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.