தொடைச் சதை இழுத்துக்கொண்டால் நீவாதீர்கள்!

ஜொகூர் பாரு வட்டாரத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவருக்கும், குலை சுமக்கிறவருக்கும், மாலையில் திடலில் பந்தாடும் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய வலி இது. கானைத் தாண்டும்போது கால் வழுக்கும். பின்தொடையில் ‘சுரீர்’ என்று இழுக்கும். “சும்மா சுளுக்குத்தான், தைலம் போட்டு நீவினா சரியாப் போயிடும்” என்பார்கள். உடனே நீவுவது தவறு என்று நாம் சொல்கிறோம்.

பின்தொடையில் உள்ள 3 தசைகள் இடுப்படி எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. அவை நீண்டிருக்கும் நேரத்தில் திடீரென்று பாரம் ஏறினால் நார்கள் அறுந்து, உள்ளே இரத்தம் கசியும். அதைத் தேய்த்தால் கசிவு கூடும்.

முதல் 2, 3 நாள்களுக்குக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். நாளைக்குச் சில தடவை செய்யலாம். அதிகம் இறுக்காமல் துணிப்பட்டை கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்துங்கள். வெந்நீர் ஒத்தடமும் மதுவும் கூடாது.

‘படக்’ என்று சத்தம் கேட்டாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, தொடை கறுத்து வீங்கினாலோ, மரத்துப் போனாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் வீரர் டெரெக் ரெட்மண்ட், 400 மீட்டர் அரையிறுதியில் ஓடும்போதே இந்தத் தசை கிழிந்து விழுந்தார். நொண்டி நொண்டி, தந்தையின் தோளைப் பிடித்துத்தான் எல்லையைத் தொட்டார். தேர்ந்த வீரருக்கே அந்தக் கதி என்றால், இந்த வலியை மறைத்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போவது வீரமா?

லேசான காயம் ஆற 1 முதல் 3 வாரம் ஆகலாம். பெரிய கிழிசலுக்கு மாதக்கணக்காகும். வலி குறைந்ததும் மெல்ல நடந்து பழகுங்கள். முழு பலம் வருமுன் ஓடினாலும் பாரம் தூக்கினாலும் அதே இடம் மறுபடி கிழியும். பந்தாடும் பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

நாள் சம்பளம் போகுமே என்ற பயம் நமக்குப் புரிகிறது. அதற்குத்தான் 1969 சட்டத்தின்படி சொக்சோ இருக்கிறது. வேலையில் அடிபட்டால் அன்றைக்கே கங்காணியிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் 4 நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கேட்க உரிமை உண்டு.

சொல்லாமல் மறைத்த காயத்துக்குச் சாட்சி இல்லை. ஆகவே நீவாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள்.