நெஞ்சு (சொல்)

நெஞ்சு என்பது கழுத்துக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட உடற்பகுதியையும், மனத்தையும், துணிவையும் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். நெஞ்சம் என்பது இதன் மற்றொரு வடிவம். இவ்வுடற்பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'செஸ்ட்' என்னும் சொல் மூடியுள்ள பெரிய பெட்டியையும் குறிக்கும். தமிழில் அதற்குப் பெட்டி, பேழை எனத் தனிச்சொற்கள் உள்ளன.

உடற்பகுதி

மார்பு என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்தையும், நெஞ்சு என்பது உள்ளிருக்கும் உறுப்புகளையும் சேர்த்துச் சுட்டும். 12 இணை விலா எலும்புகளும் மார்பெலும்பும் முதுகெலும்பின் ஒரு பகுதியும் சேர்ந்து அமைவது நெஞ்சுக்கூடு. இதனுள் இதயம், நுரையீரல்கள், உணவுக்குழாய் ஆகியவை உள்ளன. இதன் அடித்தளமாக உதரவிதானம் அமைந்துள்ளது.

மனமும் துணிவும்

திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் (125), நெஞ்சொடு புலத்தல் (130) ஆகிய அதிகாரங்களில் நெஞ்சு, தலைவி பேசும் துணையாக வருகிறது. உமாபதி சிவாச்சாரியார் இயற்றிய நெஞ்சு விடு தூது, சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்று. பேச்சு வழக்கில் நெஞ்சுரம் துணிவையும், நெஞ்சழுத்தம் இரக்கமின்மையையும், நெஞ்சறிய என்பது தெரிந்தே செய்வதையும் குறிக்கும்.

முத்துக்குளித்துறையில்

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு, பெரியதாழை எனத் தெற்கே நீளும் கடற்கரை முத்துக்குளித்துறையைச் சேர்ந்தது. முத்துக் குளிப்போர் மூச்சை அடக்கி, கல்லின் எடையால் கடலடிக்கு இறங்கினர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, நுரையீரலில் உள்ள காற்றின் கன அளவு பாதியாகும். மேலே வந்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பும்.

இக்கரையில் கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தது. சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது. அதில் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசிக்கும் முறையும் உண்டு. இம்முறையில் ஆழத்தில் இழுத்த காற்று, மேலேறும்போது விரியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்து உயிர் போகக்கூடும். ஆகவே குழாய்க் காற்றில் குளிப்பவர் மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக மேலேற வேண்டும்.

நோய்ப் பெயர்களில்

நெஞ்சு என்ற ஒரே சொல் வெவ்வேறு உறுப்புகளின் நோய்களுக்கு வழங்குகிறது. நெஞ்சுச்சளி நுரையீரலையும் மூச்சுக்குழலையும் சார்ந்தது. நெஞ்செரிச்சல் அல்லது நெஞ்சு கரித்தல், இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதால் வருவது. நெஞ்சடைப்பு பொதுவழக்கில் மாரடைப்பைக் குறிக்கும். நெஞ்சுவலி இவை எவற்றிலும் வரலாம், தசைப்பிடிப்பாலும் வரலாம்.

மாரடைப்பு சிலருக்கு எரிச்சலாகவோ செரியாமையாகவோ தோன்றுவதால், வாயு என்று கருதிக் காலம் தாழ்த்துவது ஆபத்தானது. வலி இடது கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும். மருத்துவரிடம் 'நெஞ்சு வலிக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், வலி எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, அழுத்தமா எரிச்சலா என்பதையும் சொல்வது நோயை விரைவில் அறிய உதவும்.