ராமர் படம் போட்ட அரையணா

கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதாகச் சொல்லி ஒரு செம்புக்காசு பல வருடங்களாக இணையத்தில் விற்பனையாகிறது. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணன், அனுமன். மறுபக்கம் கம்பெனியின் பெயர், அரையணா என்ற மதிப்பு, அடியில் 1818 என்று ஆண்டு. சிலவற்றில் 1717 இருக்கும், சிலவற்றில் 1616. சில நூறு ரூபாயில் ஆரம்பிக்கும் விலை, 'சக்தி வாய்ந்த காசு' என்று யாராவது சொல்லிவிட்டால் லட்சங்களுக்குத் தாவிவிடும்.

கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. 1616-இல் கம்பெனிக்குச் சென்னையில் ஒரு குடிசைகூடக் கிடையாது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் கிடைத்ததே 1639-இல்தான். கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கெல்லாம் பொதுவான அரையணாச் செம்புக்காசு வந்தது 1835-இல். கோயில் வாசல் கடைகளில் சாமி வில்லையாக விற்பதற்குச் செய்த பொருளுக்குத்தான் இப்போது வரலாறு ஒட்டி விற்கிறார்கள்.

படித்தவர்களும் இதில் விழுவதற்குக் காரணம், அந்தக் கதையில் பாதி உண்மை கலந்திருப்பதுதான். சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. 1807-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் கோயில் கோபுரம் இருக்கிறது. ஆகவே 'கம்பெனிக் காசில் சாமி படம் இருந்ததே' என்று விற்பவர் சொன்னால் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வராகன் வேறு, இந்த அரையணா வேறு. முழுப் பொய்யைவிட இந்த மாதிரி கலப்படம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

இன்னொரு வகைப் போலி, நிஜமாகவே இருந்த அரிய காசைப் பார்த்துச் செய்வது. 1939-ஆம் ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அப்படிப்பட்டது. புழக்கத்துக்கு வந்தவை மிகக் குறைவு என்பதால், அசல் கிடைத்தால் உண்மையிலேயே பெரிய விலை போகும். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கும் தனிக் கதை உண்டு. அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு எழ, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார்கள். இந்த இரண்டின் நகல்களையும் நகல் என்றே சொல்லி மலிவாக விற்கும் வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றன. அங்கே வாங்கி, கொஞ்சம் கறுக்க வைத்து, 'தாத்தா பெட்டியில் இருந்தது' என்று இங்கே விற்பது சிலருக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது.

வெள்ளி ரூபாயைச் சோதிக்கப் பெரிய கூடம் எதுவும் வேண்டாம். பத்து மில்லிகிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். 1939 வரைக்குமான ரூபாயின் எடை 11.66 கிராம். விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர். அதில் வெள்ளி 91.7 சதவீதம். தேய்ந்த காசு இந்த எடையில் கொஞ்சம் குறையலாம், கூடுவதற்கு வழியில்லை. அதே அளவில் வெள்ளைக் கலப்பு உலோகத்தில் செய்த போலி 10 கிராம் அளவில்தான் நிற்கும். இது தெரிந்த போலிக்காரர் காசைக் கொஞ்சம் தடிமனாக்கி எடையைச் சரிக்கட்டுவார். அதையும் பிடிக்க வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். நல்ல வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 1.3-ஐத் தொடும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டாததை வைத்து வெள்ளி என்று முடிவு கட்டக் கூடாது, செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது.

எடை சரியாக இருந்தால் லென்ஸை எடுத்துக்கொண்டு விளிம்பைப் பாருங்கள். அச்சில் ஊற்றி வார்த்த காசு என்றால் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பரப்பில் ஊசி முனை அளவு குழிகள் தெரியும். எழுத்தின் ஓரங்கள் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். இரண்டு 'அரிய' காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே நகலச்சில் பிறந்தவை. ஆகவே விற்பவரின் மற்றப் படங்களையும் அலசிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சோழர் காசு விஷயத்தில் ஏமாற்று வேறு விதம். ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக்காசு அபூர்வமான பொருள் அல்ல. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆயிரம் வருடப் பழமை என்ற ஒன்றை வைத்து இதைப் பத்தாயிரத்துக்கு விற்கிறார்கள். இதே அமைப்பைப் பின்பற்றிப் பொலன்னறுவை அரசர்கள் அடித்த இலங்கைக் காசுகளும் ராஜராஜன் பெயரில் கைமாறுகின்றன. எத்தனை காசு கிடைக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். வயதுக்கு அதில் இடம் கொஞ்சம்தான். நாணய ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களில் போன விலையை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. பணம் அனுப்பும் முன் அரை மணி நேரம் அதைப் புரட்டினால் பாதி மோசடி அங்கேயே நின்றுவிடும்.

விற்பவரிடம் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். காசோடு உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுக் காகிதத்தை வைத்து ஒரு படம், விளிம்பின் படம், தராசில் வைத்த படம். காசு கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. வேறொருவர் படத்தை எடுத்துப் போட்டவர்தான் சாக்குச் சொல்வார். தரச்சான்று நிறுவனங்களான என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். ஆகியவற்றின் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வந்தாலும், பெட்டியின் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு அங்கே வரும் விவரத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்கும் போலி வந்துவிட்டது. அரசின் நினைவு நாணயங்கள் என்றால், கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் போன்றவற்றை இந்திய அரசின் நாணயச் சாலைகளே இணையத்தில் பதிவு செய்து விற்கின்றன. வெளியான அந்தச் சமயத்தில் அங்கேயே வாங்கிவிட்டால் சந்தேகத்துக்கே வேலையில்லை.

விற்கப் போய் ஏமாறுபவர்களின் நிலை வாங்கி ஏமாறுபவர்களைவிட மோசம். டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு, 786-இல் முடியும் நோட்டு, 2012-இல் வந்த வைஷ்ணவ தேவி நாணயம் இவற்றில் ஒன்று வீட்டில் இருந்தால் லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம் வரும். வைஷ்ணவ தேவி நாணயம் 5 ரூபாயிலும் 10 ரூபாயிலும் புழக்கத்துக்கே வந்தது. சேகரிப்பவர் முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் அதுவே அதிகம். நீங்கள் படம் அனுப்பியதும் 'சார், உங்கள் காசு ஓகே ஆகிவிட்டது, 6 லட்சம் ரெடி' என்று பதில் வரும். முதலில் பதிவுக் கட்டணம் என்று ஆயிரத்துச் சொச்சம். கட்டியதும் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் வரும். அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் தடையில்லாச் சான்று, அப்புறம் பணம் கொண்டுவரும் வண்டிக்கு இன்சூரன்ஸ். எல்லாமே திரும்பக் கிடைக்கும் பணம் என்பார்கள். இனி முடியாது என்று நிறுத்தினால் குரல் மாறும். பழைய நாணயம் வைத்திருப்பது குற்றம், போலீஸ் வரும் என்று மிரட்டுவார்கள்.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றித் தெளிவாக எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் வங்கி ஈடுபடுவதில்லை. அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் ஆளுக்கும் அதிகாரம் கொடுக்கவுமில்லை. பழைய காசு வைத்திருப்பது குற்றமும் அல்ல. பொருளை விற்பவர் முன்பணம் கட்டும் வியாபாரம் எந்த ஊரிலும் இல்லை என்பதை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள். இந்த வலையில் அவர்களும் நிறைய மாட்டுகிறார்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் கேவலம் என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடும். சீக்கிரம் சொன்னால் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிவர்த்தனை எண், உரையாடல், விளம்பரத்தின் படம் எதையும் அழிக்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழு வருடம் வரை சிறை. வேறொருவராக நடித்துக் கணினி வழியாக ஏமாற்றியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவிலும் வரும்.

வியாபாரியிடமோ விற்பனைத் தளத்திலோ வாங்கியது போலி என்று தெரிந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம். அசல் என்று பொய் சொல்லி விற்கும் பொருளுக்கு அந்தச் சட்டத்திலேயே தனி விளக்கம் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று விற்பவர் எழுதி வைத்திருந்தாலும், 2020-இன் மின்வணிக விதிகளின்படி போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 800 ரூபாய்க் காசுக்கு ஆணையத்துக்கா என்று நினைக்காதீர்கள், அந்த எண்ணம்தான் இவர்கள் கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. தொழிலாக இல்லாமல் தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்கும் தனியாளுக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது. அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்றால் காவல் நிலையம்தான் வழி. அடுத்தது, மறுவிற்பனைக்காக வாங்குபவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் ஆக மாட்டார். 'நல்ல லாபத்துக்குத் தள்ளிவிடலாம்' என்று நீங்கள் விற்பவருக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியே உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்.

அஸ்திவாரம் தோண்டும்போது தங்கக்காசு கிடைத்தது என்று வருபவரிடம் மட்டும் பேச்சே வேண்டாம். சோதிக்க ஓர் அசல் காசைக் கொடுத்துவிட்டு, பையில் பித்தளையைத் தள்ளிவிடுவது பழைய வித்தை. கதை நிஜமாக இருந்தாலும் சிக்கல்தான். 1878-இன் புதையல் சட்டப்படி மண்ணிலிருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-இன் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் ஆகிவிடும். அதைச் சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் தம்பிக்குப் பார்சல் அனுப்புவது குற்றம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு.

போலி என்று தெரிந்த காசை நஷ்டத்தை ஈடுகட்ட வேறொருவர் தலையில் கட்டாதீர்கள். அப்போது ஏமாற்றுபவர் நீங்கள், 318 உங்கள் மீதும் பாயும். வழக்கு முடியும் வரை அது சாட்சியம் என்பதால், வந்த உறையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். முடிந்தபின் உங்கள் ஊர் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் கொடுத்தால், புதிதாக வரும் பையன்களுக்கு அசலையும் அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள்.